திண்டிவனத்தில் ஒரு இரவு

சிதம்பரம் அண்ணாமலை நகரில் பட்டமளிப்பு விழா என்றால், அன்று பஸ்களில் கூட்டம் நிரம்பி வழியும்.

காட்டுமன்னார்கோயிலில் இருந்து சிதம்பரம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். வீராணம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பங்கள் வாழும் ஊர் அது. அப்படிப்பட்ட ஊர்களில் இருந்து அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருவார். அம்மா பெட்டியில் இருந்த பட்டுச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வருவாள். மகள் கறுப்பு அங்கி அணிந்து, கையில் பட்டத்தோடு வெளியே வருவாள்.

அந்த மகள் படித்தது நர்சு படிப்பு.

பெற்றோர் முகத்தில் பெருமை பொங்கும். உறவினர்கள் வாழ்த்துவார்கள். போட்டோ பிடிப்பார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு காட்சியை யாரும் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். நர்சு வேலைக்குப் பெண்ணை அனுப்புவதா என்று முகம் சுளித்த காலம் அது. இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களில் ஒருவர், டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

அவருடைய வாழ்க்கையை மாற்றியது ஒரே ஒரு இரவு. அந்த இரவு வந்த இடம் திண்டிவனம். அப்போது காட்டுமன்னார்கோயிலும் திண்டிவனமும் ஒரே மாவட்டம், தென்ஆற்காடு மாவட்டம்.

பஞ்சத்தைக் கண்ட சிறுமி

ஐடா, 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார்.

அவருடைய குடும்பம் அமெரிக்கக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் ஒரு டாக்டர். 1819-ம் ஆண்டிலேயே கப்பல் ஏறி, யாழ்ப்பாணத்துக்கு வந்து வைத்தியம் செய்தவர். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளும் தமிழ்நாட்டில் பாதிரியார்களாகவும் டாக்டர்களாகவும் வேலை செய்தார்கள். ஐடாவின் தகப்பனாரும் டாக்டர்தான். அவர் பெயரும் ஜான் ஸ்கடர்.

ஐடா சிறுமியாக இருந்தபோது தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876-ம் ஆண்டில் தொடங்கி 1878-ம் ஆண்டு வரை நீடித்த கொடிய பஞ்சம் அது. எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் வந்து நின்றார்கள். ரொட்டியை வாங்கி வாயில் வைக்கக்கூட அவர்களுக்குத் தெம்பு இல்லை. சிறுமி ஐடா ரொட்டியைப் பிய்த்து அவர்கள் வாயில் ஊட்டினார்.

அந்தக் காட்சி அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. ஆனால் அது அவரை இந்தியாவின் பக்கம் இழுக்கவில்லை. இந்த நாடே வேண்டாம் என்றுதான் நினைக்க வைத்தது.

பிறகு அவர் அமெரிக்காவுக்குப் போனார். பெற்றோர் மீண்டும் இந்தியாவுக்கு வந்துவிட்டார்கள். ஐடா மட்டும் உறவினர் வீட்டில் தங்கினார். தாயைப் பிரிந்த துக்கம் அவரை வாட்டியது. இந்தியாதான் தன் தாயைத் தன்னிடம் இருந்து பிரித்தது என்று எண்ணினார். படித்து முடித்து, அமெரிக்காவிலேயே சுகமாக வாழவேண்டும் என்பதே அவருடைய ஆசை.

கதவைத் தட்டிய மூவர்

1890-ம் ஆண்டில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி போயிற்று. தாயாருக்கு உதவியாகச் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ஐடா திண்டிவனத்துக்கு வந்தார்.

ஓர் இரவு. விளக்கு வெளிச்சத்தில் ஐடா உட்கார்ந்திருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

வந்தவர் ஒரு பிராமணர். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐடா வந்து காப்பாற்றவேண்டும் என்று கெஞ்சினார்.

ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. தன் தகப்பனார் டாக்டர் என்றும், அவரை அழைத்துவருவதாகவும் சொன்னார். வந்தவர் திடுக்கிட்டார். அன்னிய ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்ப்பதா? அவர் தலை குனிந்தபடி திரும்பிப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் இன்னொருவர் வந்தார். அவர் முஸ்லிம். அவர் வீட்டிலும் அதே துன்பம். அவரும் ஆண் டாக்டரை ஏற்கவில்லை.

மூன்றாவதாக மற்றொருவர் வந்தார். அவரும் இந்து. அவரும் அதே பதிலைச் சொல்லிவிட்டுப் போனார்.

மூவருக்கும் மதமோ சாதியோ வேறு. ஆனால் மூவரும் கேட்டது ஒன்றுதான்: பெண் டாக்டர். அப்படி ஒருவர் அந்த ஊரில் இல்லை.

ஐடாவுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. பொழுது விடிந்தது. தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தார்.

மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்!

ஐடா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் யோசித்தார். பிறகு வெளியே வந்து, தான் அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படிக்கப்போவதாகவும், திரும்பி வந்து இந்த நாட்டுப் பெண்களுக்கு வைத்தியம் செய்யப்போவதாகவும் பெற்றோரிடம் தெரிவித்தார்.

ஒரே ஒரு கட்டில்

பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அமெரிக்காவிலேயே அபூர்வமாக இருந்த காலம் அது. ஐடா முதலில் பிலடெல்பியா நகரில் படித்தார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொண்டதும், அங்கே போய்ச் சேர்ந்தார். 1899-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

வேலூரில் பெண்களுக்காக ஓர் ஆஸ்பத்திரி கட்டவேண்டும் என்று பணம் திரட்டினார். ஷெல் என்ற பெரியவர், காலமான தன் மனைவியின் நினைவாக 10 ஆயிரம் டாலர் கொடுத்தார்.

1900-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். வந்த சில மாதங்களிலேயே தகப்பனார் காலமானார். யாரிடம் தொழில் நுணுக்கங்களைக் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பி வந்தாரோ, அவரே போய்விட்டார்.

ஐடா மனம் தளரவில்லை. வேலூரில் பங்களாவின் ஒரு சிறு அறையில், ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் 5 ஆயிரம் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். 1902-ம் ஆண்டில் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

நர்சு எங்கே?

ஆஸ்பத்திரி வந்துவிட்டது. டாக்டரும் இருக்கிறார். ஆனால் நர்சு எங்கே?

ஆபரேஷன் செய்வது டாக்டர். அதற்குப் பிறகு இரவெல்லாம் கண் விழித்து, காய்ச்சல் ஏறுகிறதா என்று பார்த்து, கட்டு மாற்றி, புண்ணைச் சுத்தம் செய்து, நோயாளியைப் பிழைக்க வைப்பவர் நர்சு. நல்ல நர்சு இல்லாவிட்டால் டாக்டரின் கைராசி பாதிதான்.

இங்கிலாந்தில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-ம் ஆண்டில் நர்சுகளுக்குப் பள்ளி தொடங்கியிருந்தார். சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் 1871-ம் ஆண்டில் பயிற்சி தொடங்கியது. ஆனால் நம் குடும்பங்கள் பெண்களை அனுப்பத் தயங்கின.

காரணங்கள் பல. பிறருடைய ரத்தத்தையும் மலத்தையும் தொடவேண்டும். என்ன சாதி என்று பார்க்காமல் தொடவேண்டும். இரவில் வீட்டைவிட்டு வெளியே தங்கவேண்டும். அப்படிப்பட்ட பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று பெற்றோர் பயந்தார்கள்.

ஐடா அம்மையார் இந்தத் தயக்கத்தைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. தன்னுடன் இருந்த பெண்களுக்குத் தாமே வேலை கற்றுக் கொடுத்தார். 1909-ம் ஆண்டில் வேலூரில் நர்சுப் பள்ளி தொடங்கப்பட்டது. டெலியா ஹாட்டன் என்ற நர்சு அம்மையார் அதற்குத் துணை நின்றார்.

அதே ஆண்டில் ஒரு மோட்டார் காரும் வந்தது. கிராமத்து மக்கள் அதுவரை கார் பார்த்ததில்லை. பிசாசு வருகிறது என்று அலறி ஓடினார்கள்! பிறகு, அந்தப் பிசாசு வண்டிக்காகவே சாலையோரத்தில் காத்துக் கிடந்தார்கள். மர நிழலில் வண்டி நிற்கும். டாக்டர் நோயைப் பார்ப்பார். நர்சு புண்ணுக்குக் கட்டுப் போடுவார். ஆஸ்பத்திரிக்கு வரமுடியாதவர்களைத் தேடி ஆஸ்பத்திரியே போயிற்று.

பதினான்கு பெண்கள்

ஒரு டாக்டர் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? இந்த நாட்டுப் பெண்களே டாக்டர்களாக வேண்டும் என்று ஐடா அம்மையார் முடிவு செய்தார்.

சென்னை மாகாண மருத்துவ அதிகாரிக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆறு பெண்கள் சேர்ந்தால் பள்ளி தொடங்கலாம் என்று அனுமதி கொடுத்தார். விண்ணப்பங்களோ பல மடங்கு வந்து குவிந்தன. 1918-ம் ஆண்டில் மருத்துவப் பள்ளி தொடங்கியது.

முதல் ஆண்டுப் பரீட்சை வந்தது. ஆண்கள் படித்த பள்ளிகளிலேயே பெரும்பாலோர் தவறிவிடுகிற பரீட்சை அது. பெண்கள் தோற்றால் மனம் உடைந்துவிட வேண்டாம் என்று அதிகாரி முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவைத்தார்.

முடிவு வெளியாயிற்று. பரீட்சை எழுதிய வேலூர் பெண்கள் 14 பேரும் தேறிவிட்டார்கள்!

1922-ம் ஆண்டில் அந்த 14 பேரும் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். திண்டிவனத்தில் மூன்று பெண்கள் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மூன்று வீடுகளுக்கும் கிடைக்காத பெண் டாக்டர்கள், இப்போது 14 பேர்.

எழுபது வயதில் சோதனை

பிறகு ஒரு பெரிய சோதனை வந்தது. 1930-களின் இறுதியில், சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. படிப்பை நிறுத்த முடிவு செய்தது. இனிப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்புதான் உண்டு என்றது. பெரிய கட்டடம் வேண்டும்; கருவிகள் வேண்டும்; மேல்படிப்புப் படித்த ஆசிரியர்கள் வேண்டும். இல்லையேல் பள்ளியை மூடவேண்டியதுதான்.

ஐடா அம்மையாருக்கு அப்போது வயது எழுபது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அவர் அமெரிக்காவுக்குப் போய், ஊர் ஊராகச் சென்று பணம் திரட்டினார்.

ஆண்களையும் சேர்த்தால் அதிகப் பணம் கிடைக்கும் என்று சிலர் யோசனை கூறினார்கள். பெண்களுக்காகவே கொடுத்த பணம் அது என்று பழைய நண்பர்கள் சிலர் எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கல்லூரி பிழைக்கவேண்டும் என்று ஐடா அம்மையார் இறுதியில் ஒப்புக்கொண்டார். 1942-ம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது. 1947-ம் ஆண்டில் ஆண்களும் சேர்ந்தார்கள்.

இடையே, 1946-ம் ஆண்டில் இன்னொரு புதுமை நிகழ்ந்தது. வேலூரில் நர்சுகளுக்குக் கல்லூரி தொடங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. இந்தியாவில் வேலூரிலும் டெல்லியிலும்தான் அந்த ஆண்டில் முதன்முதலாக நர்சுப் பட்டப்படிப்பு தொடங்கியது.

டாக்டருக்கு அங்கி போர்த்தி அழைத்த பல்கலைக்கழகம், நர்சையும் அங்கி போர்த்தி அழைத்தது. பிறர் புண்ணைத் துடைக்கும் கை தாழ்ந்த கை அல்ல. படித்த கை என்பதை நாடு ஒப்புக்கொண்டது.

அதே ஆண்டில் ஐடா அம்மையார் ஓய்வு பெற்றார். அவருக்குப் பிறகு இந்தியப் பெண்மணியான டாக்டர் ஹில்டா லாசரஸ் பொறுப்பேற்றார்.

அணையாத விளக்கு

ஐடா அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிச் சுகமாக வாழவும் இல்லை. கொடைக்கானலில் 1960-ம் ஆண்டு மே மாதம், 89-வது வயதில் காலமானார்.

ஒரு கட்டிலுடன் அவர் தொடங்கிய இடம், இன்று 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. மகப்பேற்றின்போது மனைவியைக் காப்பாற்ற வழி தெரியாமல் மூவர் தவித்த தமிழ்நாட்டில், இன்று 100 பிரசவங்களில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடைபெறுகின்றன.

அந்தப் பிரசவ அறைகளில் இரவெல்லாம் கண் விழிப்பவர்கள் நர்சுகள். காட்டுமன்னார்கோயில் போன்ற ஊர்களில் இருந்து போய்ப் படித்துப் பட்டம் வாங்கிய பெண்களும் அவர்களில் உண்டு.

நர்சு படிக்க வேண்டும் என்று ஆசைப்படும் பெண் உங்கள் வீட்டில் இருக்கலாம். இரவு வேலையாயிற்றே என்று நீங்கள் தயங்கலாம். பெற்ற மனம் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் திண்டிவனத்தில் அந்த மூன்று பேர் கதவைத் தட்டியதும் இரவில்தான்.

இனி எந்த இரவில், எந்த வீட்டுக் கதவு தட்டப்பட்டாலும், போய் நிற்க ஒரு பெண் இருக்கவேண்டும். அந்தப் பெண் உங்கள் மகளாக இருந்தால், அதைவிடப் பெருமை வேறு என்ன?