24 லட்சம் ஸ்டெப்ஸ்... ஆப் இல்லாமல் திபெத்தை அளந்த வாத்தியார்!

ஈரோடு வ.உ.சி பூங்காவில் காலையில் வாக்கிங் போனால், பாதிப் பேர் நடக்கும்போதே போனைப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். 10,000 ஸ்டெப்ஸ் முடிஞ்சதா இல்லையா என்பதுதான் கவலை. நானும் அதே கேஸ்தான். 160 வருஷத்துக்கு முன்னாடி ஒரு மனுஷர் இதே 10,000-ஐக் கையில் ஒரு ஜெபமாலையை வைத்துக்கொண்டு எண்ணினார். அதுவும் இமயமலையில்!

பெயர் நயின் சிங் ராவத். 1830-ல், இன்றைய உத்தராகண்டில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் மிலாம் கிராமத்தில் பிறந்தவர். ஊர்க்காரர்கள் கணவாய் தாண்டி திபெத்துக்குப் போய் வியாபாரம் செய்தவர்கள் என்பதால், அந்த பாஷை இவருக்கும் தெரியும். அப்புறம் உள்ளூர்ப் பள்ளியில் வாத்தியார் வேலை.

1802-ல் நம்ம சென்னை பரங்கிமலையில் லாம்டன் ஆரம்பித்த நில அளவைப் பணி, அதற்குள் இமயமலை வரை போயிருந்தது. ஆனால் திபெத்துக்குள் வெள்ளைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. வரைபடத்தில் அந்த இடம் கிட்டத்தட்ட வெள்ளைத்தாள். அதனால் கேப்டன் மாண்ட்கோமெரி, மலைக்காரர்களையே பழக்கி அனுப்ப முடிவு செய்தார். 1863-ல் நயின் சிங்கும் அவருடைய சொந்தக்காரர் மணி சிங்கும் டேராடூனில் டிரெய்னிங்கில் சேர்ந்தார்கள்.

அந்த டிரெய்னிங்தான் செம. மேடோ பள்ளமோ, ஒவ்வோர் அடியும் ஒரே நீளம் இருக்க வேண்டும். 2,000 அடி வைத்தால் ஒரு மைல். ஜெபமாலையில் வழக்கமாக 108 மணி; இவர் மாலையில் 100 தான். 100 அடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று வரும்போது 10,000 அடி, அதாவது 5 மைல். கையில் சுற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் அளவுக் குறிப்புகள். சோழிக்குள் பாதரசம். தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்து மலையின் உயரத்தைக் கணக்கு போட ஒரு தெர்மாமீட்டர். சென்னிமலையின் 1,320 படி ஏறுவதற்குள் நமக்கு எண்ணிக்கை மறந்துபோகும்!

1865-ல் நேபாளம் வழியாகக் கிளம்பி, 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். மாட்டினால் உயிர் போகும் என்பது சும்மா பேச்சு இல்லை. அனுமதி இல்லாமல் வந்த ஒருவரின் தலை பொது இடத்தில் வெட்டப்பட்டதை அங்கே பார்த்தார். அதற்கப்புறம் வெளியே தலைகாட்டுவதையே குறைத்துக்கொண்டார். கையில் காசும் தீர்ந்துவிட்டது. இரண்டு வியாபாரிகள் இவருடைய வேஷத்தைக் கண்டுபிடித்தும்விட்டார்கள். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை, கடன் கொடுத்தார்கள்! எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான்.

அந்த ஒரு பயணத்தில் மட்டும் அவர் அளந்தது சுமார் 1,200 மைல். ஈரோட்டிலிருந்து சென்னைக்குக் கிட்டத்தட்ட ஐந்து தடவை நடந்த மாதிரி. அடிக்கணக்கில் 24 லட்சம். லாசா பூமியில் எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் வரைபடத்துக்கு வந்தது.

அத்தோடு விடவில்லை. 1867-ல் திபெத்தின் தங்கச் சுரங்கங்கள் பக்கம் போனார். 1874-ல் லே நகரிலிருந்து கிளம்பி, லாசா, தவாங் வழியாக 1875-ல் அஸ்ஸாமில் வந்து இறங்கினார். அதுதான் கடைசி. பார்வையும் உடம்பும் கெட்டுப்போயிருந்தன.

அவர் ஆங்கிலேயர்களுக்காக உளவு பார்த்தவர்தானே என்று கேட்டால், ஆமாங்க. 1904-ல் பிரிட்டிஷ் படை அதே லாசாவுக்குள் துப்பாக்கியோடு நுழைந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

ரொம்ப நாள் அவர் வெளியுலகுக்கு வெறும் 'பண்டிட்' தான். பாதுகாப்புக்காகப் பெயரை மறைத்திருந்தார்கள். 1877-ல் லண்டன் ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது. இந்தியத் தபால்தலை வந்தது 2004-ல். 2017-ல் கூகுள் டூடுல் வந்தபோதுதான் நம்மில் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டோம்.

1962 போருக்குப் பிறகு எல்லை வியாபாரம் நின்றுபோய், மிலாம் ஊரே காலியாகிவிட்டது. இப்போது முன்சியாரியிலிருந்து மிலாம் பனியாற்றுக்கு ட்ரெக்கிங் போகிறவர்கள், கூரை இல்லாத அந்தக் கல் வீடுகளைத் தாண்டித்தான் நடக்கிறார்கள்.