ராயபுரம் டாக்டர் எம்.விஸ்வநாதன் (1923 – 1996)

நவம்பர் 14 என்றாலே நமக்கு நேரு மாமாதான் ஞாபகம் வருவார். அதே நவம்பர் 14-ல், 1891-ம் வருஷம் கனடாவில் பிறந்தவர் பிரெடரிக் பேண்டிங். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அதனால் அந்த நாளை உலக சர்க்கரை நோய் தினமாகவும் வைத்திருக்கிறார்கள். நேருவைப் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதித் தருவாங்க. நான் நம்ம தமிழ்நாட்டு சர்க்கரை நோய் டாக்டர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு பையனைப் பற்றிச் சொல்லணும். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரத்தில் லியோனார்டு தாம்சன் என்ற பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அவனுக்கு வயசு 14. நம்ம வகுப்பு வயசு! எலும்பும் தோலுமாகக் கிடந்தவன் பிழைத்து எழுந்தான். அதுவரைக்கும் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் உயிரைப் பிடித்து வைப்பார்கள், அவ்வளவுதான். அடுத்த வருஷம், 1923-ல், பேண்டிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 1923-ல் பிறந்தவர்தான் விஸ்வநாதன்.

1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்கென்றே தனியாக ஒரு கிளினிக்கை அவர் ஆரம்பித்தார். இந்தியாவிலேயே அதுதான் முதல் என்று சொல்கிறார்கள். அப்போ அவருக்கு 25 வயசுதான். இப்போ மாதிரி விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கிற மிஷின் அப்போது கிடையாது. சிறுநீரோடு பெனடிக்ட் கரைசலைச் சேர்த்துக் காய்ச்சுவார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறி செங்கல் நிறத்துக்கு வந்தால் ரொம்ப அதிகம். (நம்ம லேபிலும் அந்தக் கரைசல் உண்டு.) ஊசியும் கண்ணாடி ஊசி. கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் போடணும்.

1954-ல் சொந்தமாக எம்.வி. ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். முதலில் அது எல்லா நோய்க்குமான ஆஸ்பத்திரி. 1971-ல் ராயபுரத்தில் சர்க்கரை நோய்க்கு மட்டுமான ஆஸ்பத்திரி ஆனது. 1972-ல் அதோடு ஓர் ஆராய்ச்சி மையமும் சேர்ந்தது. வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்கிற உணவுப் பட்டியலை நம்ம ஆளுங்ககிட்ட நீட்டினால் யார் சாப்பிடுவாங்க? அதனால் நம்ம சாப்பாட்டுக்கு ஏற்றபடி, மாவுச்சத்தோடு நார்ச்சத்தும் அதிகமாக இருக்கிற உணவைக் கொடுத்து அவர் ஆராய்ந்தார். எனக்கு இது ரொம்பப் பிடிச்சது.

ஆனால் அவருடைய பெரிய வேலை குடும்பங்களைப் பார்த்ததுதான். இந்த நோய் ரத்தத்திலேயே வருதா, இல்லை நாம வாழ்கிற விதத்தால் வருதா? எங்க ஆயாவைக் கேட்டால் எல்லாம் தலையெழுத்து என்று முடித்துவிடும். விஸ்வநாதன் அப்படி முடிக்கவில்லை. அப்பா, அம்மா இரண்டு பேருக்குமே சர்க்கரை இருக்கிற குடும்பங்களைத் தேடி, அவங்க பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பரிசோதித்தார். அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1985-ல் அந்த முடிவை வெளியிட்டார்கள். பரிசோதித்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் சர்க்கரை நோயோ, அதற்கு முந்தின நிலையோ இருந்தது. அப்படியென்றால் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்னது பெரியவர்களுக்கு அதிகமாக வருகிற இரண்டாம் வகை. லியோனார்டுக்கு வந்த மாதிரி பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகை. அது வேற கதை. நம்ம உடம்பில் கிருமியோடு சண்டை போட வெள்ளையணுக்கள் இருக்கிறது தெரியும். அதில் டி செல்கள் என்று ஒரு கூட்டம். அவை ஆள் மாறிப் போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களையே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகின்றன. ஊர்க்காவலுக்குப் போட்ட ஆளே நம்ம வீட்டுக் கதவை உடைக்கிற மாதிரி! ராயபுரத்தில் ஆராய்ச்சி மையம் வந்து இரண்டு வருஷம் கழித்து, 1974-ல், லண்டனில் இருந்த விஞ்ஞானிகள் இப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தில் கணையச் செல்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சண்டைக்கு அது ஒரு சாட்சி.

இதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. எச்.எல்.ஏ. என்ற மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. அவற்றில் சில வகை இருந்தால் ஆபத்து கூடுதல். ஆனால் ஒரே மாதிரி இரட்டையரில் ஒருத்தருக்கு வந்தால் இன்னொருத்தருக்கும் வந்தே தீரும் என்று இல்லை. அதனால் வெளியிலிருந்தும் ஏதோ ஒன்று தூண்டுகிறது. குடலில் வளரும் சில வைரஸ்கள் மேல் விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம்.

மிட்டாய் நிறைய தின்னதால் வந்தது இல்லை இது. தொட்டால் ஒட்டிக்கவும் ஒட்டிக்காது. நம்ம பக்கம் ஒரு சின்னப் பொண்ணு தினமும் ஊசி போட்டுக்கிறாள். அவங்க வீட்டில் அதை வெளியே சொல்வதில்லை, பின்னாடி மாப்பிள்ளை கிடைக்காது என்று பயம். பக்கத்தில் உட்காராதே என்று சொல்கிறவங்களும் இருக்காங்க. அவள் ஒரு தப்பும் பண்ணலை, அவங்க அம்மாவும் பண்ணலை. சென்னையில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த நோய் இருக்கிறது என்ற கணக்கை வெளியிட்ட குழுவிலும் விஸ்வநாதன் இருந்தார்.

1992-ல் வந்த இன்னொரு ஆய்வைப் படித்தபோதுதான் எனக்கு ஆச்சரியம் தாங்கலை. அவரும் டாக்டர் ஏ.ராமச்சந்திரனும் மற்றவர்களும் நகரத்தையும் கிராமத்தையும் ஒப்பிட்டார்கள். சென்னை நகரத்தில் பெரியவர்களில் 100-க்கு 8.2 பேருக்குச் சர்க்கரை. கிராமத்தில் 2.4 பேருக்குத்தான். இரண்டு இடத்திலும் தமிழ் ஜனங்கதான், ஒரே மாதிரி ரத்தம்தான். உடம்பு உழைப்பும், வயிற்றைச் சுற்றிச் சேர்கிற கொழுப்பும்தான் வித்தியாசம். மரபணு விதை மாதிரி என்றால், மண்ணும் தண்ணியும் நாம வாழ்கிற வாழ்க்கை.

விஸ்வநாதன் 1996-ல் காலமானார். அந்த வருஷம்கூட, தென்னிந்தியக் குடும்பங்களில் இந்த நோய் எப்படி இறங்கி வருகிறது என்ற அவருடைய கட்டுரை வெளிவந்தது. அப்பா வழியை விட அம்மா வழியாக அதிகம் வருகிறது என்று மற்ற நாடுகளில் சொல்லிவந்தார்கள். நம்ம பக்கம் அப்படி இல்லை என்று அது காட்டியது. அதனால் வீட்டில் அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது! அவருடைய மகன்கள் வி.மோகனும் விஜய் விஸ்வநாதனும் இதே துறையில் டாக்டர்கள் ஆனார்கள்.

அவர் பார்க்காமல் போனது இரண்டு. 2022-ல் அமெரிக்காவில் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஆள் மாறி அடிக்கிற டி செல்களை அது அடக்கிவைத்து, முதல் வகை நோய் முழுசாக வெளியே வருவதைச் சராசரியாக இரண்டு வருஷம் தள்ளிப்போடுகிறது. இன்னொன்று, 2.4 என்று இருந்த கிராமத்துக் கணக்கு 2003-ல் 6-ஐத் தாண்டிவிட்டது. 2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வில் தமிழ்நாட்டுக்கு மட்டும் 14.4 சதவீதம். அந்தக் கணக்கில் நம்மை மாதிரி ஊர்களும் சேர்த்தி.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, சந்தவாசல்