மனைவிக்கே தெரியாமல் டோனர் விந்தணு... 1884-ல் டாக்டர் பான்கோஸ்ட் செய்தது என்ன?

டோனர் விந்தணு சிகிச்சைன்னா இன்னிக்கு கணவன், மனைவி ரெண்டு பேரும் எழுத்துப்பூர்வமா சம்மதம் தரணும். ஆனால், இந்த முறையில் முதன்முதலாகப் பதிவான சம்பவமாகச் சொல்லப்படும் சிகிச்சையில், அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. செய்தவர், அமெரிக்காவின் பிரபல மருத்துவர் வில்லியம் பான்கோஸ்ட்.

யார் இவர்?

1835-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். அப்பா ஜோசப் பான்கோஸ்ட், ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியின் பெயர்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர். அதே கல்லூரியில் படித்த மகன், பின்னர் அப்பா வகித்த உடற்கூறியல் பேராசிரியர் பதவிக்கே வந்தார். உடல் ஒட்டிப் பிறந்த சயாமிய இரட்டையர் சாங், எங் 1874-ல் இறந்தபோது, உடல்களை ஆய்வு செய்த குழுவை வழிநடத்தியவரும் இவர்தான்.

1884-ல் நடந்தது என்ன?

குழந்தை இல்லாத ஒரு பணக்கார வியாபாரி பான்கோஸ்டிடம் வந்தார். அவருக்கு வயசு 41, மனைவிக்கு 31. குறை மனைவியிடம்தான் இருக்கும்னு நினைச்சு, முதலில் அவருக்கே எல்லாப் பரிசோதனையும் நடந்தது. ஒரு குறையும் இல்லை. பிறகு கணவரைச் சோதித்தால், விந்தணுவே இல்லை. இளம் வயதில் வந்த பாலியல் நோய்தான் காரணம். மருந்து கொடுத்தும் பலனில்லை.

அடுத்து, இன்னொரு பரிசோதனை என்று சொல்லி மனைவியை வரவழைத்தார்கள். குளோரோபார்ம் கொடுத்து மயங்க வைத்து, மாணவர்களில் அழகானவர் என்று கருதப்பட்ட ஒருவரின் விந்தணுவைச் செலுத்தினார் பான்கோஸ்ட். கணவருக்கே பிறகுதான் விஷயம் தெரியும். அவர் சந்தோஷப்பட்டார். ஆனா, மனைவிக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு கேட்டுக்கொண்டார். ஆண் குழந்தை பிறந்தது.

ரகசியம் உடைந்தது எப்படி?

பான்கோஸ்ட் 1897-ல் இறந்தார். 1909-ல், அன்று உடனிருந்த மாணவர்களில் ஒருவரான அடிசன் டேவிஸ் ஹார்ட், ஒரு மருத்துவ இதழில் எல்லாவற்றையும் எழுதினார். மருத்துவர்களிடையே பெரிய சர்ச்சை வெடித்தது.

இந்தியாவில் இப்போது?

2021-ம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற வங்கி மூலம்தான் டோனர் விந்தணு பெற முடியும். டோனரின் வயது 21 முதல் 55-க்குள் இருக்கணும். நோய்த்தொற்றுப் பரிசோதனை கட்டாயம். ஒருவரின் விந்தணுவை ஒரு தம்பதிக்கு மேல் தரக் கூடாது. பிறக்கும் குழந்தை சட்டப்படி அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தை.

பான்கோஸ்ட் பயன்படுத்திய வழி, பின்னாளில் எத்தனையோ வீடுகளுக்குக் குழந்தையைத் தந்தது. ஆனால், குறையே இல்லாமல் முதலில் சந்தேகப்பட்டதும், கேட்காமலே மயக்கப்பட்டதும் அந்தப் பெண்தான். ஹார்ட் எழுதியதில் அவர் பெயர்கூட இல்லை.