விழுந்தும் எழுந்த ஜி.டி.நாயுடு

ஏலக்காய் விலை ஏறும், இறங்கும். இதைப் போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியது இல்லை.

2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போயிற்று. மூன்று ஆண்டு முடிவதற்குள் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. அதே மலைதான். அதே செடிதான். உழைப்பும் அதேதான்.

முன்பு போடியில் வாயால் விலை கேட்டு ஏலம் எடுப்பார்கள். இப்போது வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். யார் அதிக விலை கேட்டார் என்பதைக் கம்ப்யூட்டரே காட்டிவிடுகிறது. இப்படி வேலை செய்யும்படி கம்ப்யூட்டருக்கு எழுதி வைக்கும் கட்டளைகளுக்குத்தான் சாப்ட்வேர் என்று பெயர்.

அந்தச் சாப்ட்வேரைத் தாமே எழுதி, தம் பெயரிலேயே விற்றுப் பிழைக்கலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் இன்று மலையடிவாரத்து ஊர்களிலும் இருக்கிறார்கள். பெற்றோருக்கோ பயம். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு இப்படியும் ஒரு பிழைப்பா?

பயம் நியாயமானதுதான். மூளையை முதலாகப் போட்டு நடத்தும் தொழிலிலும், ஏலக்காயைப் போலவே ஏற்றமும் இறக்கமும் உண்டு. அதைத் தாங்குவது எப்படி? சாப்ட்வேர் என்ற சொல்லே நம் ஊருக்கு வராத காலத்தில், அப்படித் தாங்கி நின்றவர் ஒருவர் கோவையில் வாழ்ந்தார். அவர்தான் ஜி.டி.நாயுடு.

மோட்டார் சைக்கிள் ஆசை

கோவைக்கு அருகே கலங்கல் என்று ஒரு கிராமம். 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி அங்கே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. துரைசாமி என்று பெயர் வைத்தார்கள். குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார்.

துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. படிப்பு பாதியில் நின்றது.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுகிறதே! இளைஞர் அதிசயித்து நின்றார். எப்படியாவது அதை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

கையில் பணம் இல்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். கடைசியில் மோட்டார் சைக்கிளை வாங்கியேவிட்டார்!

ஆனால் வாங்கிய வண்டியில் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. அதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டார். மறுபடியும் பூட்டினார். அவர் படித்த தொழிற்கல்வி அதுதான்.

பருத்தியில் நஷ்டம்

அடுத்து திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கினார். முதல் உலகப்போர் நடந்த காலம் அது. நல்ல லாபம் வந்தது.

லாபம் ஆசையைத் தூண்டியது. பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரம் செய்தார். அங்கே பெரிய முதலாளிகளின் முன் அவரால் நிற்க முடியவில்லை. சேர்த்த பணம் கரைந்தது. ஊருக்குத் திரும்பினார்.

பணம் போனாலும் எந்திர அறிவு அவரிடமே இருந்தது. 1920-ம் ஆண்டு, கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். டிரைவர் வேறு யாரும் அல்ல, அவரேதான்.

பஸ் குறித்த நேரத்தில் புறப்பட்டது. குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது. ஜனங்களுக்கு நம்பிக்கை பிறந்தது. ஒரு பஸ் பல பஸ்கள் ஆயிற்று. யு.எம்.எஸ். என்ற மூன்று எழுத்து, கொங்கு நாடெங்கும் தெரிந்த பெயராயிற்று.

மூளை தந்த பொருட்கள்

பஸ் வருமானம் தினமும் வந்தது. அந்தப் பணம் கையில் இருந்த தைரியத்தில், மனதில் தோன்றியதை எல்லாம் செய்து பார்த்தார் நாயுடு. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். இந்தியாவில் செய்த முதல் மோட்டார் அது என்பார்கள். இன்று கோவை என்றதும் பலருக்கு மோட்டாரும் பம்பும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பெயருக்கு அன்று போட்ட விதை அது.

பேட்டரியில் ஓடும் முகச்சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் எந்திரம், மண்ணெண்ணெயில் சுழலும் மின்விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப்பதிவு எந்திரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கினார். 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார்.

கிடைக்காத லைசென்சு

ஆனால் செய்த பொருள் எல்லாம் வீடு தேடிப் போய்விடவில்லை.

1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய சிறிய கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய்தான். காரை உற்பத்தி செய்ய அரசாங்கம் லைசென்சு கொடுக்கவில்லை. அந்தக் கார் அதோடு நின்றது. இதே நாயுடு 1950-களில், வரிக் கொள்கையைக் கண்டித்து, தாம் செய்த பொருட்களை ஜனங்கள் முன்னிலையிலேயே உடைத்துப் போட்டார்.

கல்வியிலும் இதே கதைதான். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்தார். அதற்கு முதல்வராகவும் இருந்தார். தொழிற்படிப்புக்கு நான்கு ஆண்டு எதற்கு, இரண்டு ஆண்டு போதுமே என்பது அவர் எண்ணம். அது ஏற்கப்படவில்லை. பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

இத்தனை அடி விழுந்தும் அவர் தெருவுக்கு வந்துவிடவில்லை. ஏன்?

ஏலத்தோட்டத்தைப் பாருங்கள். நிழல் தரும் மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றி விடுகிறார்கள். ஏலக்காய் விலை விழுந்த ஆண்டில் மிளகு கைகொடுக்கும். நாயுடுவுக்கு அந்த மிளகுக் கொடிதான் பஸ். புதுப் பொருள் தோற்றாலும், மறுநாள் காலையில் பஸ் புறப்பட்டது. டிக்கெட் பணம் வந்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு

சாப்ட்வேர் எழுத, நாயுடுவின் காருக்குக் கேட்டதுபோல் லைசென்சு கேட்பார் இல்லை. ஒரு கம்ப்யூட்டரும் மின்சாரமும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனால் வேறு ஆபத்து இருக்கிறது. ஆறு மாதம் கண் விழித்து எழுதியதை வாங்க ஆள் இல்லாமல் போகலாம். பெரிய கம்பெனி ஒன்று அதே பொருளை இலவசமாகவே கொடுத்துவிடலாம். அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டுமே!

அதனால் தினமும் காசு வரும் வேலை ஒன்றை முதலில் பிடித்துக்கொள்வது நல்லது. பக்கத்துக் கடைக்குக் கணக்குப் போட்டுத் தரும் சாப்ட்வேரைப் பராமரிக்கும் சிறிய வேலையாகவும் அது இருக்கலாம். சொன்ன நேரத்தில் அதைச் செய்து கொடுத்தால் நம்பிக்கை வளரும். பெரிய ஆசையை அந்த வருமானத்தில் வளர்க்கலாம். பிள்ளையைத் தடுக்க நினைக்கும் பெற்றோரும், உன் பஸ் எது என்று அவனிடமோ அவளிடமோ கேட்கலாம். பதில் இருந்தால் துணிந்து வழிவிடலாம்.

ஜி.டி.நாயுடு 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி காலமானார். 2025-ம் ஆண்டு அக்டோபரில், கோவை அவினாசி சாலையில் பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவரின் பெயரைப் படித்துக்கொண்டே அந்தப் பாலத்தில் இன்று பஸ்கள் ஓடுகின்றன.