மாட்டு நோய்க்கு எல்லைக்கோடு தெரியாது... யார் இந்த அர்னால்டு தைலர்?

காய்ச்சலோடு வரும் கலப்பினப் பசுவின் ரத்தத்தை நம்மூர் கால்நடை மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். சிவப்பணுக்களுக்குள் பொட்டுப் பொட்டாக ஏதோ தெரிகிறது. உண்ணி மூலம் பரவும் அந்த ஒட்டுண்ணியின் பெயரை அவர் 'தைலீரியா' என்று எழுதுகிறார்.

அந்தப் பெயருக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். சுவிட்சர்லாந்தில் பிறந்து, தென்னாப்பிரிக்காவில் ஒரு கையைப் பறிகொடுத்து, மிச்சமிருந்த கையோடு அந்த மண்ணின் மாட்டு நோய்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்ட அர்னால்டு தைலர். நோயைத் தடுக்க வேலி போட்டால் போதுமா, பக்கத்து நாட்டோடு சேர்ந்து வேலை செய்யணுமா என்று இன்றும் ஓடும் விவாதத்துக்கு அவருடைய வாழ்க்கையில் நல்ல பதில் இருக்கிறது.

கை போனது, வேலை போகவில்லை

தைலர் பிறந்தது 1867 மார்ச் 26, சுவிட்சர்லாந்தின் ஃப்ரிக் என்ற சிற்றூரில். பெர்ன், சூரிச் நகரங்களில் கால்நடை மருத்துவம் படித்தார். சொந்த ஊர்ப் பக்கம் கொஞ்ச காலம் தொழில் பார்த்துவிட்டு, 1891-இல் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

போன இடத்தில் யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. பிரிட்டோரியாவுக்கு அருகில் ஐரீன் என்ற பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தீவனம் நறுக்கும் எந்திரத்தில் சிக்கி இடது கை போச்சு. மாட்டைப் பிடித்து, ஊசி போட்டு, அறுவை செய்து பிழைக்க வேண்டிய தொழிலில் ஒற்றைக் கை என்றால் என்ன அர்த்தம்? ஊருக்கே திரும்பிவிடுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தைலர் பிரிட்டோரியாவில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

1893-இல் ஜோஹன்னஸ்பர்க் சுற்றியிருந்த தங்கச் சுரங்கப் பகுதியில் பெரியம்மை பரவியது. தடுப்பூசி மருந்து தட்டுப்பாடு. தைலர் அதை உள்ளூரிலேயே தயாரித்துக் கொடுத்தார். அரசாங்கம் அவரைக் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

வேலி தாண்டிய வெக்கை நோய்

இந்த இடத்தில் கொஞ்சம் வரைபடம் தெரிஞ்சுக்கணும். இன்றைய தென்னாப்பிரிக்கா அப்போது ஒரே நாடு இல்லை. கேப், நேட்டால் இரண்டும் பிரிட்டிஷ் காலனிகள். டிரான்ஸ்வால், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் இரண்டும் போயர்கள் எனப்படும் டச்சு வம்சாவளி விவசாயிகளின் குடியரசுகள். இவர்களுக்குள் தீராத பகை. தைலர் இருந்தது போயர்களின் டிரான்ஸ்வாலில்.

1896 தொடக்கத்தில் ரிண்டர்பெஸ்ட் என்கிற வெக்கை நோய் ஜாம்பேசி ஆற்றைத் தாண்டித் தெற்கே இறங்கியது. காய்ச்சல், கண்ணில் நீர், வாயெல்லாம் புண், பிறகு கழிச்சல். பல மந்தைகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது மாடுகள் செத்தன. ரயில் எட்டாத இடங்களுக்கு எல்லாம் மாட்டு வண்டிதான் போக்குவரத்து. அந்த வண்டிகள் பாதையிலேயே நின்றன. ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கு மாடு என்பது பால், உழவு, சேமிப்பு, மணப்பெண்ணுக்குத் தரும் பரிசம் எல்லாமே. அத்தனையும் சில வாரங்களில் போனது.

அதே ஆண்டு டிரான்ஸ்வால் அரசு தைலரை அரசுக் கால்நடை மருத்துவராக நியமித்தது. அரசுகளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: நோய்ப்பட்ட மந்தையைச் சுட்டுக் கொல், எல்லையில் காவல் போடு. கேப் காலனி தன் வடக்கு எல்லையில் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு முள்கம்பி வேலியே அமைத்தது. 1897-இல் நோய் அதையும் தாண்டியது. வேலிக்கு இரண்டு பக்கமும் மனிதர்கள், வண்டிகள், காட்டு விலங்குகள் நடமாடும்போது கம்பி என்ன செய்யும்?

தைலர் வேறு வழியில் யோசித்தார். நோய் வந்து பிழைத்த மாட்டுக்கு மறுபடி அந்த நோய் வருவதில்லை. அப்படியானால் அதன் ரத்தத்தில் ஏதோ பாதுகாப்பு இருக்கணும். இந்த ஆய்வில் அவருக்குக் கூட்டாளியாக வந்தவர் ஹெர்பர்ட் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டு. பிரிட்டிஷ் நேட்டாலின் கால்நடை மருத்துவர், அதாவது எதிர்த்தரப்பு ஆள். இருவரும் டிரான்ஸ்வாலின் மாரிகோ பகுதியில் முகாமிட்டு, பிழைத்த மாடுகளின் சீரத்தை மற்ற மாடுகளுக்குச் செலுத்திப் பாதுகாக்க முடியும் என்று காட்டினார்கள்.

அதே நேரம் கேப் அரசு உலகப் புகழ்பெற்ற ராபர்ட் கோக்கை கிம்பர்லிக்கு அழைத்து வந்திருந்தது. நோயில் செத்த மாட்டின் பித்தநீரை ஊசியாகப் போடும் முறையை அவர் 1897-இல் அறிவித்தார். கோக் பெயருக்கு இருந்த மவுசில் பித்தநீர் முறைதான் முதலில் ஊரெங்கும் பேசப்பட்டது. ஆனால் கடைசியில் நிலைத்து நின்றது சீரத்தை அடிப்படையாகக் கொண்ட வழிதான்.

ஒரே ஊர், இரண்டு முகாம்

1899-இல் போர் வெடித்தது. போயர் படை நேட்டாலின் லேடிஸ்மித் நகரை முற்றுகையிட்டது. 118 நாள் நீடித்த அந்த முற்றுகையில் நகருக்கு உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டு. வெளியே போயர் படையின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தைலர். மூன்றே வருடத்துக்கு முன் ஒரே முகாமில் உட்கார்ந்து ஒரே நோயை ஆராய்ந்தவர்கள்!

1902-இல் போர் முடிந்தது, டிரான்ஸ்வால் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. தோற்ற தரப்பில் வேலை பார்த்த தைலரை அவர்கள் அனுப்பிவிடவில்லை. பிரிட்டோரியாவின் டாஸ்போர்ட் ஆய்வகத்தில் ஆய்வைத் தொடரச் சொன்னார்கள். காரணம் எளிது: அடுத்த நோய் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது.

உண்ணிதான் வில்லன்

வெக்கை நோயிலும் போரிலும் காலியான மேய்ச்சல் நிலத்தை நிரப்ப வெளியிலிருந்து மாடுகள் வந்தன. 1901 வாக்கில் கிழக்குக் கடற்கரை மாடுகள் பெய்ரா துறைமுகம் வழியாக ரொடீசியாவுக்கு வந்தபோது, கூடவே ஈஸ்ட் கோஸ்ட் ஃபீவர் என்ற கிழக்குக் கரைக் காய்ச்சலும் வந்தது. அடுத்த ஆண்டே அது டிரான்ஸ்வாலில்.

முதலில் எல்லோரும் இதைப் பழைய ரத்தநீர்க் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். ரொடீசியா மறுபடி கோக்கை அழைத்தது. பிழைத்த மாட்டின் ரத்தத்தைத் திரும்பத் திரும்ப ஊசி போடச் சொன்னார் அவர். அது பலிக்கவில்லை. இது வேறு ஒட்டுண்ணி, வேறு நோய் என்று பிரித்துக் காட்டியவர் தைலர். இதைப் பரப்புவது பழுப்புக் காது உண்ணி என்பதை அவரும், கேப் காலனியின் பூச்சியியலாளர் சார்லஸ் லவுன்ஸ்பரியும் சோதனைகளில் நிறுவினார்கள். 1907-இல் போர்த்துக்கீசிய ஆய்வாளர்கள் இந்த ஒட்டுண்ணி இனத்துக்கு தைலரின் பெயரையே வைத்தார்கள். நம்மூர் மாடுகளைத் தாக்குவது அதே இனத்தின் வேறொரு வகை.

உண்ணி என்று தெரிந்ததும் போராட்டத்தின் கணக்கே மாறியது. இந்த உண்ணி ஒரே மாட்டின் மேல் வாழ்நாளைக் கழிப்பதில்லை. ஒரு மாட்டில் ரத்தம் குடித்து, கீழே விழுந்து, தோலுரித்து, அடுத்த மாட்டில் ஏறும். அப்போதுதான் நோயும் ஏறுகிறது. ஆகவே நோய் கண்ட நிலத்தில் சுமார் 15 மாதம் மாடே விடாமல் இருந்தால், நோயைச் சுமக்கும் உண்ணிகள் செத்துவிடும். மாடுகளைச் சில நாளுக்கு ஒருமுறை ஆர்செனிக் கலந்த மருந்துத் தொட்டியில் நீந்தவிட்டாலும் உண்ணி சாகும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று நேட்டாலில் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் யார் தெரியுமா? அதே வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டு.

ஆனால் ஒரு காலனி மட்டும் இதைச் செய்து பயனில்லை. பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு மந்தை நடந்து வந்தால் முதலிலிருந்து தொடங்கணும். 1903 டிசம்பரில் இந்தக் காலனிகளின் பிரதிநிதிகள் புளூம்ஃபான்டைனில் கூடி இந்த நோயைப் பற்றிப் பேசினார்கள். அதன் பிறகும் தென்னாப்பிரிக்காவில் இதை ஒழிக்க 1950-கள் வரை ஆனது.

யாருடைய மாடு, யாருடைய இழப்பு?

இந்தக் கதையில் மறைக்கக்கூடாத ஒரு பக்கம் உண்டு. மாட்டைச் சுடுவது, நடமாட்டத்தைத் தடுப்பது, மருந்துத் தொட்டிக்கு ஓட்டி வரச் சொல்வது என்று எல்லா உத்தரவும் மேலிருந்தே வந்தது. ஆப்பிரிக்க மக்களிடம் யாரும் கேட்கவில்லை. வெக்கை நோய்க் காலத்தில் பெச்சுவானாலாந்துப் பகுதியில் மாடுகளைச் சுட்டதில் தொடங்கிய பகை லாங்கபெர்க் கலகமாக மூண்டது. 1914-இல் கிழக்கு கிரிக்வாலாந்தில் மக்கள் மருந்துத் தொட்டிகளைத் தகர்த்தார்கள். உண்ணி பற்றிய அறிவியல் சரிதான். ஆனால் மாட்டுக்காரர் நம்பாத இடத்தில் அந்த அறிவியல் போலீஸ் துணையோடுதான் நடக்க வேண்டியிருந்தது. தைலர் வேலை பார்த்ததும் அந்த அரசுகளுக்காகத்தான்.

ஆண்டர்ஸ்டபோர்ட்

1908-இல் பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஆண்டர்ஸ்டபோர்ட் ஆய்வகம் திறக்கப்பட்டது. தைலரின் பெரிய கனவு அது. ஆடுகளின் நீலநாக்கு நோய்க்குத் தடுப்பு மருந்து, குதிரைக் கொள்ளைநோய் ஆய்வு, அனாபிளாஸ்மா என்ற ரத்த நோயின் கிருமியைக் கண்டது எல்லாம் அவர் கணக்கில் சேரும்.

லாம்சீக்டே என்ற முடக்கு நோயில் அவருடைய முறை நன்றாகத் தெரியும். புல்லில் பாஸ்பரஸ் குறைவு. அந்த ஏக்கத்தில் மாடுகள் செத்த விலங்குகளின் எலும்பைக் கடிக்கின்றன. அழுகிய எலும்பில் இருக்கும் நச்சு அவற்றை முடக்கிக் கொல்கிறது. இது ஒட்டுநோயே இல்லை என்று 1920 வாக்கில் தெளிவானது. தீர்வு? தீவனத்தோடு எலும்புத்தூள். அவ்வளவுதான். வேலியும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம்.

1920-இல் அங்கேயே கால்நடை மருத்துவக் கல்வி தொடங்கியது, முதல் டீன் தைலர். 1927-இல் ஓய்வு. 1936 ஜூலை 24 அன்று லண்டன் போயிருந்தபோது காலமானார்.

இன்றும் மிச்சம் இருப்பது

ஆப்பிரிக்காவுக்கு ஆபீஸ் வேலையாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் இல்லையா? அந்தத் தடுப்பூசிக்காக 1951-இல் நோபல் பரிசு பெற்ற மேக்ஸ் தைலர் இவருடைய மகன். மகள் கெர்ட்ரூடு உண்ணி ஆய்வில் பெயர் வாங்கினார்.

வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. நாடுகள் தடுப்பூசியையும் தகவலையும் பகிர்ந்துகொண்டதால்தான் அது முடிந்தது. ஆனால் 1890-களில் அந்த நோய்க்காக நமீபியாவில் போட்ட தடுப்புக் கோடு, கோமாரி நோயைத் தடுக்கும் வேலியாக இன்றும் நிற்கிறது. அதற்கு வடக்கே மாடு வளர்ப்பவர்கள் தெற்கே இருப்பவர்களைப் போல நினைத்த சந்தையில் விற்க முடிவதில்லை. நோய் போய்விட்டது, வேலி போகவில்லை.