அப்புறம் அந்தப் பெண் என்ன ஆனாள்?



என் மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். பாடத்தை வாய்விட்டுப் படிப்பது அவள் வழக்கம். ஒரு நாள் சாயங்காலம் நான் முருங்கைக்கீரை உருவிக் கொண்டிருந்தபோது, 'அன்னா ஓ' என்று ஒரு நோயாளிப் பெண்ணைப் பற்றிப் படித்தாள். டாக்டர் பேர் இருந்தது, நோயின் பேர் இருந்தது. அப்புறம் அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டேன். பாடம் அதோடு முடிந்து விட்டதாம்! எனக்கு மனசு கேட்கவில்லை. என் நச்சரிப்புத் தாங்காமல் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து, தினம் கொஞ்சமாகக் கதை சொன்னாள். கேட்கக் கேட்க நான் அசந்து போனேன்.

அந்தப் பெண்ணின் நிஜப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். 1859ல் வியன்னா நகரில் வசதியான, ஆசாரமான யூதக் குடும்பத்தில் பிறந்தவள். 16 வயதோடு அவள் படிப்பு நின்றது. தம்பி மட்டும் மேலே படித்து, சட்டமும் பயின்றான். இவளுக்குப் பியானோ, ஊசி வேலை, வரன் வரும் வரை காத்திருத்தல். நம் வீடுகளில் நடக்காததா என்ன?

1880ல் அப்பா படுத்த படுக்கையானார். ராத்திரி பூராவும் கண் விழித்துப் பார்த்துக் கொண்டது 21 வயது மகள்தான். சில மாதங்களில் அவளே விழுந்து விட்டாள். விடாத இருமல், கை கால் அசையவில்லை, தாகம் எடுத்தும் தண்ணீர் குடிக்க முடியவில்லை. தாய்மொழியான ஜெர்மன் மறந்து போய் ஆங்கிலம் மட்டுமே பேசினாள். டாக்டர் பிராயர் தினமும் வந்து, அவள் மனதில் இருப்பதையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டார். சொல்லச் சொல்ல சில தொந்தரவுகள் விலகின. பேச்சு சிகிச்சை என்று அதற்குப் பெயர் வைத்தவளே அவள்தான். 1881ல் அப்பா இறந்ததும் உடம்பும் மனசும் இன்னும் மோசமாகிவிட்டன. 1895ல் பிராயரும் பிராய்டும் சேர்ந்து எழுதிய புத்தகத்தில், பெயரை மறைத்து, அவள் குணமாகி விட்டதாக எழுதினார்கள். உண்மையில் சிகிச்சை முடிந்த பிறகும் பல முறை மருத்துவமனையில் இருந்திருக்கிறாள், பாவம்.

இனிமேல் அவளை 'அம்மையார்' என்றுதான் எழுத வேண்டும். 1888ல் தாயாரோடு பிராங்க்பர்ட் நகருக்குக் குடி பெயர்ந்தார். ஏழை யூதர்களுக்குக் கஞ்சி வார்க்கும் இடத்தில் பரிமாறப் போனவர், பிறகு பெண் குழந்தைகளின் அநாதை இல்லத்துக்குப் போனார். 1895ல் அந்த இல்லத்தின் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. 12 வருஷம் நடத்தினார். கல்யாணத்துக்குத் தயார் செய்தால் போதும் என்றில்லாமல், சொந்தக் காலில் நிற்கும் தொழிலும் கற்றுக் கொடுத்தார். மேரி உல்ஸ்டன்கிராப்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி 1792ல் எழுதிய பெண்ணுரிமைப் புத்தகத்தை 1899ல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 16 வயதில் படிப்பு நிறுத்தப்பட்டவர்!

அடுத்துச் செய்ததுதான் பெரிய காரியம். அந்நாளில் ஆஸ்திரியாவைச் சேர்ந்திருந்த கலீசியாவில் யூதர்கள் வறுமையில் கிடந்தார்கள். கல்யாணம், வேலை என்று ஆசை காட்டி ஏழைப் பெண்களைக் கப்பலேற்றி வெளிநாடுகளில் விற்று வந்தது ஒரு கூட்டம். 1903ல் அம்மையார் நேரில் போய்ப் பார்த்து வந்து, அதைப் பகிரங்கமாக எழுதினார். விற்கிறவர்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறைக்கவில்லை. யூதர்களை வெறுப்பவர்களுக்கு இது வசதியாகி விடும், வெளியே சொல்லாதே என்று சமூகப் பெரியவர்கள் கோபித்தார்கள். குடும்ப மானம் என்று சொல்லி நம் வாயை அடைக்கிறார்களே, அதேதான். அவர் அடங்கவில்லை.

1904ல் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கி, 20 வருஷம் தலைவியாக இருந்தார். பெரும்பாலும் நம்மைப் போன்ற இல்லத்தரசிகள்தான் உறுப்பினர்கள். காலப்போக்கில் சுமார் 50,000 பேர் சேர்ந்தார்கள். தனியாக வந்து இறங்கும் பெண்கள் ஏமாறாமல் இருக்க ரயில் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் காத்து நின்றார்கள். பெண்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுத்தார்கள். சமூக சபைகளில் பெண்களுக்கும் ஓட்டுரிமை கேட்டுப் போராடினார்கள்.

1907ல் பிராங்க்பர்ட் பக்கத்தில் நியூ இசன்பர்க் என்ற ஊரில் சங்கம் ஒரு இல்லம் திறந்தது. கல்யாணமாகாமல் தாயானவர்கள், அவர்கள் குழந்தைகள், தவறான கைகளில் சிக்கவிருந்த பெண்கள்... வேறு எவரும் வாசலில் சேர்க்காதவர்களுக்கு அங்கே சோறும் படுக்கையும் படிப்பும் கிடைத்தது. அம்மையார் கண்டிப்பானவர், பக்தியும் அதிகம். கல்யாணம் செய்து கொள்ளவில்லை. தம் வியன்னா நோயைப் பற்றி வாயே திறந்ததில்லை.

ஹிட்லர் ஆட்சி வந்தது. 1936ல், புற்றுநோயோடு இருந்த 77 வயது மூதாட்டியை ரகசியப் போலீஸ் விசாரணைக்கு அழைத்தது. போய்ப் பதில் சொல்லி விட்டு வந்தார். அடுத்த மாதமே, மே 28ம் தேதி கண் மூடினார். 1938 நவம்பரில் இல்லத்தைத் தாக்கி, ஒரு கட்டிடத்துக்குத் தீ வைத்தார்கள். சங்கமும் அந்த வருஷமே கலைக்கப்பட்டது. 1942ல் இல்லத்தை மூடி, மீதி இருந்தவர்களை வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். மகள் இந்த இடத்தைச் சொல்லும்போது இருவருக்குமே பேச்சு வரவில்லை.

அன்னா ஓ யார் என்பது 1953ல்தான் ஒரு புத்தகம் மூலம் வெளியே தெரிந்தது. 1954ல் மேற்கு ஜெர்மனி மனிதகுலத்துக்கு உதவியவர்கள் வரிசையில் அவர் படத்தோடு தபால் தலை வெளியிட்டது. நோயாளி என்பதற்காக அல்ல, செய்த தொண்டுக்காக.

சகோதரிகளே, இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. என் ஓரகத்தி மகள் இரண்டு வருஷம் முன்பு ஆறு மாதம் மனநல சிகிச்சையில் இருந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள். படிப்பைத் தொடரலாம் என்று டாக்டரே சொல்லி விட்டார். வீட்டில்தான் விடவில்லை. நாலு பேர் நாலு விதமாய்ப் பேசுவார்கள், வீட்டோடு கிடக்கட்டும் என்று யோசனை சொன்னதே நான்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவள் கதை ஆஸ்பத்திரிச் சீட்டோடு முடிந்து விட்டதாக நானே முடிவு கட்டியிருக்கிறேன்!

போன ஞாயிறு அங்கே போய், நான் சொன்னது தப்பு என்று ஓரகத்தியிடம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பீரோவைத் திறந்து மகளின் சான்றிதழ்ப் பையை எடுத்து வெளியே வைத்தாள். கல்லூரியில் விசாரிக்க இந்த வாரம் மூவரும் போகிறோம்.

உங்கள் சொந்தத்திலும் இப்படி ஒரு பெண் இருந்தால், ஒரு எட்டுப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.