காந்திக்கு முடிவெட்ட மறுத்த சலூன்: அவருக்கு ஏன் கோபம் வரவில்லை?

ஆப்பில் ஸ்லாட் புக் பண்ணி ஏசி சலூனில் போய் உட்கார்ந்தால், நீங்க எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்காரலாம் என்பது இந்தியாவில் ரொம்ப காலமாக நடக்கும் சண்டை. அதைத் தன் தலைமுடியிலேயே உணர்ந்தவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

லண்டனில் பழகிய ஷேவிங்

1869-ல் போர்பந்தரில் பிறந்த காந்திக்கு, ஊரில் இருந்தவரை குடும்ப நாவிதர்தான் சவரம் செய்வார். அவர் வரும் நாளில்தான் முகம் பார்க்கும் கண்ணாடியே கைக்கு வரும். 1888-ல் சட்டம் படிக்க லண்டன் போனதும் கதை மாறியது. பெரிய கண்ணாடி முன் நின்று டை கட்டி, தலை வாரவே தினமும் பத்து நிமிடம் ஆனது. தானே ஷேவ் பண்ணவும் அங்கேதான் பழகினார்.

ஒருபக்கம் மட்டும் கூர் உள்ள பிளேடு பொருத்திய சேஃப்டி ரேஸரை நியூயார்க்கின் காம்ப்ஃபே சகோதரர்கள் 1880-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஆனாலும் பெரும்பாலான ஆண்கள் கையில் அப்போது இருந்தது மடக்குக் கத்திதான். மழுங்கினால் தூக்கிப் போடும் இருபக்க பிளேடுக்கு கிங் கேம்ப் ஜில்லெட் பேட்டன்ட் பெற்றது 1904-ல். அதன்பிறகு ஷேவிங் மெல்ல மெல்ல வீட்டு வேலையாகிவிட்டது. ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. தாடையை நாமே மழிக்கலாம். பிடரி முடிக்கு இன்னொருவர் கை வேண்டுமே?

பிரிட்டோரியாவில் என்ன நடந்தது?

1893-ல் ஒரு வழக்கு வேலையாக காந்தி தென்னாப்பிரிக்கா போனார். அங்கே ஒருமுறை பிரிட்டோரியாவில் முடிவெட்டப் போனபோது, வெள்ளைக்கார பார்பர் ஏளனமாக மறுத்துவிட்டார். காந்திக்கு மனசு வலித்தது. உடனே முடிவெட்டும் மிஷின் ஒன்றை வாங்கி, கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஓரளவு சரியாக வந்தது. பின்பக்கம் சொதப்பல். தலையை எலி கடிச்சிருச்சா என்று கேட்டு, கோர்ட்டில் இருந்த நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கோபம் ஏன் வரவில்லை?

இதற்குக் காரணத்தை காந்தியே தன் சுயசரிதையில் விளக்குகிறார். அந்த பார்பர் மீது தப்பில்லை என்பது அவர் கணிப்பு. கறுப்பர்களுக்கு முடிவெட்டினால் வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் வராமல் போய்விடுவார்கள், பிழைப்பு கெட்டுவிடும். அதாவது, கத்தி பார்பர் கையில் இருந்தாலும் முடிவு வாடிக்கையாளர்கள் கையில். ஊரில் நாமும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கியவர்களுக்கு வேலை செய்ய நம் நாவிதர்களை விடுவதில்லையே, அதற்கான தண்டனைதான் தனக்குக் கிடைத்தது என்று காந்தி எடுத்துக்கொண்டார்.

1908 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் சிறையில் இருந்தபோது, சக கைதி பி.கே. நாயுடுவோடு சேர்ந்து மற்ற கைதிகளுக்கு முடிவெட்டும் வேலையையும் அவர் செய்தார். தினமும் சுமார் இரண்டு மணி நேரம்.

நெய்யாற்றின்கரை வட்டாரத்தில்

காந்தி சொன்ன அந்தப் பாகுபாடு திருவிதாங்கூரில் சாலை, பள்ளிக்கூடம், கோயில் என்று எல்லா இடத்திலும் இருந்தது. திருவனந்தபுரத்தில் இருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டி நாகர்கோவில் வரும் நம்ம எல்லைப் பகுதியும் அதில்தான் அடக்கம். எதிர்ப்பும் இங்கேயே கிளம்பியது. காந்தி லண்டன் போன அதே 1888-ல், நெய்யாற்றின்கரை அருகே அருவிப்புறத்தில் நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார். தென்னாப்பிரிக்க ரயிலில் இருந்து காந்தி இறக்கிவிடப்பட்ட 1893-ல், வெங்ஙானூர் அய்யன்காளி தடைசெய்யப்பட்ட சாலையில் வில்லுவண்டி ஓட்டினார்.

1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. 1937 ஜனவரியில் அங்கே சுற்றுப்பயணம் வந்த காந்தி, வெங்ஙானூர் போய் அய்யன்காளியைச் சந்தித்தார். அதே நேரம், வருண முறையை காந்தி நெடுங்காலம் ஆதரித்ததை அம்பேத்கர் கடுமையாக விமர்சித்ததும் வரலாறு.

சட்டம் வந்தது, நாற்காலி கிடைத்ததா?

1948 ஜனவரி 30-ல் காந்தி கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஒரு சந்தேகம் எழுந்தது. பாகுபாடு கூடாது என்ற பட்டியலில் உள்ள கடை என்ற சொல்லில் சலூன் வருமா? சேவை தரும் எல்லோரும் அதில் அடக்கம் என்று அம்பேத்கர் விளக்கினார். இன்று அது அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு.

ஆனாலும், 2020 செப்டம்பரில் இடுக்கி மாவட்டத்தின் வட்டவடையில் பஞ்சாயத்தே ஒரு பொது சலூனைத் திறக்க வேண்டியிருந்தது. அங்குள்ள தமிழ் பேசும் பட்டியலின மக்களுக்கு ஊர் சலூன்களில் முடிவெட்ட மறுத்ததுதான் காரணம். முடிவெட்டிக்கொள்ள அவர்கள் அதுவரை வேறு ஊருக்குப் போய் வந்தார்கள்.